மனுசிட வட்டத்துக்கு நான் அடிச்ச நிறம்

சரி, சரி, சத்தத்த நிப்பாட்டிட்டு இரிங்க. மச்சான், அந்தக் கதிரைய இழுத்துப் போடுங்க. சுபைதா, நீயும் வந்து இரி. மன்னாருக்குப் போற கதைய நாளைக்குக் கதைப்பம். வேற ஒண்டுமில்ல, வெள்ளிக்கிழம என்ட மனுசி இவட கூடப்பிறந்த நானா லொறியோட வாறாராம், ஊருக்கே திரும்பிப் போவமா எண்டு மூணு தரம் கேட்டுட்டா.

படிவம் தூக்கிக்கொண்டு வீடு வீடாத் திரியிற தொழில்ல மிஞ்சிறது ஏச்சும் நாய்க்கடியும்தான். திரிஞ்ச ஆக்களுக்கு என்ட பாடு விளங்கும். நாட்டுச் சண்ட முடிஞ்ச பிறகு, மனசப் பத்திப் படிச்ச மிஸ் ஒராள் கொழும்பிலிருந்து வந்தா. நான் அவக்கு எடுபிடி. மனுசன்ட சீவியத்த இவங்க எட்டாப் பிரிச்சிரிக்காங்க: தொழில், குடும்பம், சுகம், கூட்டாளிமார், மார்க்கம், ஓய்வு, வீடு, மனசு. ஒரு வட்டத்த எட்டுத் துண்டாக் கீறி, எந்தத் துண்டு எவ்வளவு நிறைஞ்சிரிக்கோ அவ்வளவுக்கு நிறம் அடிக்கோணும். வட்டிலப்பத்த வெட்டின மாதிரி இரிக்கும். தின்னத்தான் ஏலாது.

ஓய்வு

கற்பிட்டிப் பக்கம், அந்தோனி அண்ணன் கால்விரல்ல வலைய மாட்டிக் கிழிசலப் பொத்திக்கொண்டிருந்தார். மிஸ் மூக்கால கேட்டா: "ஓய்வு நேரத்துல என்ன செய்வீங்க ஐயா?" அண்ணன் தல தூக்கவே இல்ல. தொண்டக்குள்ள மண்ணு போட்ட மாதிரி அவர்ட குரல், இஞ்ச கேளுங்க, இப்பிடி: "கடல் கொந்தளிச்சா எனக்கு ஓய்வுதான் பிள்ள. அண்டைக்கு அடுப்புக்கும் ஓய்வு. அதுக்கு எந்த நிறம்?"

வீடு

புத்தளத்துல, தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம் ஆக்கள விரட்டக்குள்ள மன்னார விட்டு ஓடி வந்த காசிம் காக்கா. ஏழு துண்டுக்கும் நிறம் அடிச்சார். 'வீடு' எண்ட துண்டுக்கு வந்தோடன பென்சில வச்சிட்டார். எந்த வீடு எண்டு அவருக்கு யோசன. "உங்களுக்குச் சொந்தமெண்டு மனசு சொல்ற வீடு" எண்டா மிஸ். காக்கா இருமிச் சிரிச்சார்: "அங்க போனா புத்தளத்தான் எண்டுறான், இஞ்ச இருந்தா அகதி எண்டுறான். அது வெள்ளையாவே கிடக்கட்டும் மகள்."

குடும்பம்

ஒருநாள் நுரைச்சோலையால திரும்பி வரக்குள்ள, பகிடிக்கு மிஸ்ஸிட்டயே ஒரு தாள நீட்டினன். கொழும்பில அவட சின்னப் பிள்ள, வளக்கிறது மாமியார். தாளப் பாத்தா, மடிச்சா, கைப்பைக்குள்ள வச்சா. "என்டத நம்மட வேன் டிரைவர்ட்ட கேளுங்க. நான் கூடுதலான நேரம் இரிக்கிறது அவரோடதான்."

ஒரு தாள் குறைஞ்ச கதை

மாசக் கடைசி. கணக்குக்கு ஒரு தாள் குறைஞ்சிச்சு. கிடக்கட்டும் எண்டு என்ட மனுசிட பேரப் போட்டு நானே நிறம் அடிச்சன். எட்டுத் துண்டும் முழுசா, வீட்டுத் துண்டுக்கு ரெண்டு தரம் தேச்சு. மிஸ்ஸுக்குப் பூரிப்புத் தாங்கேல்ல: "இந்த மாவட்டத்துலயே சந்தோசமான பொம்பள உங்கட மனுசிதான்!"

ஏன் ஒருத்தரும் சிரிக்கல்ல? சுபைதாவப் பாக்காதீங்க, அவ எப்பவும் அப்பிடித்தான், வாயே திறக்க மாட்டா. மொத்தத்துல, ஊர்ச் சீவியத்த எல்லாம் எட்டாப் பிரிச்ச எனக்கு, என்ட வீட்டுச் சீவியம் ஒரே துண்டாக் கிடக்கு எண்ட நினைப்பு.

சுபைதா எழும்பினா. குசினி வாசல்ல நிண்டு திரும்பிப் பாத்தா.

"அந்தோனி அண்ணன், காசிம் காக்கா, மிஸ், எல்லார்ட குரல்லயும் கதைச்சீங்க. இப்ப என்ட குரல்ல கதைச்சுக் காட்டுங்க, வெள்ளிக்கிழம லொறியில நான் ஏறுறனா இல்லையா எண்டு."