கைபாரா வீதியில் ஒரு விரல்

ஸ்டியரிங் தானாக இடப்பக்கம் திரும்புகிறது. றெஜினோல்டின் தோளும் கூடவே சாய்கிறது. கைகள் மடியில். ஆபத்து வந்தாலொழியத் தொடக்கூடாது என்பது நிறுவனத்தின் கட்டளை. இருபத்திரண்டு வருடம் விமான நிலைய டாக்ஸி ஓட்டியவருக்கு இப்போது ஓட்டாமல் இருக்கச் சம்பளம். “சும்மா இருக்கிறதுதான் பெரிய வேலை. முதுகு நோகுது,” என்பார்.

மன்னார்க்காரர். இப்போது ஓக்லாந்தின் பிளாட் புஷ்ஷில் வீடு. ஏறியதும் சிலுவைக் குறி போடுவார். தனக்கு ஒன்று, காருக்கு ஒன்று. வளைவை அது ஒழுங்காக எடுத்தால், “கெட்டிக்காரன்!” செம்மறிக் கூட்டத்தைக் கண்டு தயங்கி நின்றுவிட்டால், “என்னடா, பொம்பிளை பாக்க வந்தனியோ?”

தானே ஓடும் அந்த மின்சார டாக்ஸியை நகரத்துக்கு வெளியே கைபாராப் பண்ணைகள் வரைக்கும் விட்டு ஒரு மாதம். பஸ்ஸே எட்டிப் பார்க்காத இடங்கள். ஆனாலும் ஒருவரும் ஏறவில்லை. நிறுவனத்தின் பாட்டனி டவுன்ஸ் அலுவலகத்திலிருந்து நிமலன் அழைத்தான்.

“றெஜி அண்ணை, வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு புக்கிங்காவது வராட்டி அந்த றூட்டை நிப்பாட்டப் போகினமாம். சனம் பயப்பிடுது போல.”

“பயமில்லையடாப்பா. எங்களுக்குத் திமிரெண்டு நினைக்கினம்.”

அந்த வீதிகளில் எதிரே வருகிறவர் வணக்கம் சொல்வதுபோல ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்துவார். பதிலுக்கு நாமும் உயர்த்த வேண்டும். இந்தக் கார் மட்டும் ஒரு மாதமாக யாரையும் மதிக்காமல் போய்க்கொண்டிருந்தது. அன்றிலிருந்து, மடியில் கிடந்த கை வேலைக்கு வந்தது. பால் லொறிக்கு ஒரு விரல். தபால்காரிக்கு ஒன்று. வேலியோரம் நின்ற மாட்டுக்கும் ஒன்று.

“மாட்டுக்கு எதுக்கண்ணை?” காரின் கமெராவில் பார்த்துவிட்டு நிமலன் கேட்டான்.

“அதுக்கும் ஒரு சொந்தக்காரன் இருப்பான்தானே. எங்கயாவது நிண்டு பாப்பான்.”

வியாழன் பின்னேரம் புக்கிங் வந்தது. முழங்கால் அறுவைச் சிகிச்சைக்கு ஓக்லாந்து போகவேண்டிய பண்ணைக்காரி. இரண்டு மணி நேரப் பயணத்துக்குக் கூட்டிப்போக ஆளில்லை. குறிப்பில் ஒரு கேள்வி எழுதியிருந்தாள்: விரல் காட்டுகிற அந்த மனிதர் உள்ளே இருப்பார்தானே? றெஜினோல்ட் அதை மனைவி அஞ்சலினாவுக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினார்.

வெள்ளி காலை. பண்ணைக்காரி ஊன்றுகோலோடு படலையடியில் நின்றாள். கார் மெல்ல ஓரங்கட்டி நின்றது. பின்கதவு தானாகத் திறந்தது. ஓட்டுநர் இருக்கையை விட்டு எழக்கூடாது என்பது சட்டம். அவர் எழுந்ததும் கார் கீச்சுக் கீச்சென்று கத்தத் தொடங்கியது. “பொறடா,” என்றபடி றெஜினோல்ட் இறங்கிச் சுற்றிப்போய், ஏற்கெனவே திறந்திருந்த கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றார்.