குழியைச் சுற்றி நின்றவர்கள்

படத்தில் செராங்கு இருந்தார். பண்டாரி இருந்தார். எஞ்சின் அறையில் எண்ணெய் போடும் பையன்கள் இரண்டு பேர் இருந்தார்கள். எங்களுக்கு யாரென்று தெரியாத ஒரு வெள்ளைக்காரர், கணுக்கால் வரை இறங்கிய கறுப்பு அங்கியோடு நின்றார். அத்தான் மட்டும் இல்லை.

ஐந்து பேரும் ஒரு குழியைப் பார்த்துத் தலை குனிந்திருந்தார்கள். கப்பலில் எல்லாருக்கும் சமைத்துப் போடும் பண்டாரி மண்டியிட்டிருந்தார். ஆட்களுக்குத் தலைவரான செராங்கின் கையில் கடப்பாரை இருந்தது. தரை கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளையாகக் கிடந்தது, குழி மட்டும் மையைக் கொட்டியதுபோல் கறுப்பு. குழியின் விளிம்பில், இரண்டு குச்சிகளைக் குறுக்காகச் சேர்த்த சிறிய சிலுவை ஒன்று நிமிர்ந்து நின்றது. உள்ளங்கைக்குள் அடங்குகிற படம். இன்றைக்கும் அதன் முன் நின்றால் என் விரல் முதலில் அந்தச் சிலுவையின் மேல்தான் போகிறது.

அந்தப் படம் தாராவியில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போனவன் நான் ஒருவன்தான். அப்பா தோல் பதனிடும் கம்பெனியில் சுண்ணாம்புக் குழி வேலை பார்த்தார். அம்மா போய்விட்ட பிறகு வீட்டை நடத்தியது அக்கா. அவளைக் கட்டியவர் தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர்க்காரர். பம்பாயில் கப்பல் ஏறி, வருஷத்தில் பத்து மாதம் எங்கெங்கோ போய்விடுவார். அத்தானுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பிறரைக் கெஞ்சிக் கடிதம் எழுதச் சொல்வதும் அவருக்குப் பிடிக்காது. "பொண்டாட்டிக்கு எழுதுறதை இன்னொருத்தன் காதுல போட்டுட்டா எழுதணும்?" என்பார். அதனால் இரண்டு பேரும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். கப்பல் எந்தத் துறைமுகத்தில் நின்றாலும் ஸ்டூடியோவுக்குப் போய் ஒரு படம் எடுத்து அனுப்பிவிடுவார். முகவரிச் சீட்டு ஒன்று எப்போதும் பையில் இருக்கும், அதைப் பார்த்து யாராவது உறைமேல் எழுதிக் கொடுப்பார்கள். உள்ளே ஒரு எழுத்துகூட இருக்காது. படத்தில் அவர் நின்றால் சுகமாக இருக்கிறார் என்று பொருள். அக்கா அவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாகச் சுவரில் ஒட்டியிருந்தாள். காலையில் அடுப்புப் பற்றவைப்பதற்கு முன் கடைசிப் படத்தை ஒரு முறை பார்த்துக்கொள்வாள். அவ்வளவுதான் அவர்களுடைய கடிதப் போக்குவரத்து.

அந்தப் பயணம் கடைசிப் பயணம் என்று முடிவாகியிருந்தது. சம்பளத்தைச் சேர்த்துச் சேர்த்து ஊரில் ஒரு வள்ளம் வாங்கிவிட்டார். அது அவருடைய அம்மாவின் காவலில் கரையில் ஏறிக் கிடந்தது. வலைக்கும் பாய்க்கும் பணம் கிடைத்துவிட்டால் கப்பலுக்கு ஒரு கும்பிடு. அக்காவைக் கூட்டிக்கொண்டு ஊர்போய்ச் சேர்ந்துவிடுவது என்று திட்டம். அக்கா தாராவியில் எதையும் இரண்டாவதாக வாங்கமாட்டாள். "இன்னொரு சட்டி எதுக்கு? நாந்தான் போகப் போறேன்லா?" என்பாள்.

அப்படி இருக்கும்போது அவர் இல்லாத படம் வந்தது.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சாவு விழுந்தால் சவப்பெட்டியைச் சுற்றி எல்லாரும் நின்று படம் எடுப்போம். தூரத்தில் இருந்து வரமுடியாதவர்களுக்கு அதை அனுப்புவோம். எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியிலேயே அம்மாவின் படம் அப்படி ஒன்று இருந்தது. ஆகவே யாரும் வாய்திறந்து சொல்லவேண்டிய அவசியம் இருக்கவில்லை. அப்பா படத்தை வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு, "சுண்ணாம்பு" என்றார்.

"என்னப்பா?"

"தரையெல்லாம் சுண்ணாம்பு கொட்டியிருக்கு. வாந்திபேதி, அம்மை, அந்த மாதிரி ஒட்டுற சீக்குல போனாத்தான் இப்படிக் கொட்டுவாங்க. பெட்டிகூட வைக்கல பாரு."

இருபது வருஷம் சுண்ணாம்புக் குழிக்குப் பக்கத்தில் நின்று, கைத்தோல் வெந்து உரிந்துபோன மனிதர் அவர். வெள்ளையாக ஒரு தரையைக் கண்டால் அவருக்கு வேறு எது ஞாபகம் வரும்? மண்டியிட்டவர், சிலுவை, கறுப்பு அங்கிச் சாமியார் என்று எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் போய் உட்கார்ந்துவிட்டன. பெற்றவளுக்கு முதலில் தெரியவேண்டும் என்று அன்றைக்கே தபாலாபீஸ் போய் அத்தானின் அம்மாவுக்குத் தந்தி அடித்துவிட்டு வந்தார். அவர் செய்தது முறையான காரியம். நியாயமாக யோசித்தால் இன்றுவரை அதில் எனக்குக் குற்றம் காணத் தெரியவில்லை.

சுனாபட்டியிலிருந்து பெரியம்மா வந்தார். அழுது முடித்துவிட்டு, கொண்டுவந்த பையைத் திறந்து வெள்ளைச் சேலையை எடுத்து அக்காவின் மடியில் வைத்தார். அக்கா அதைப் பிரிக்கவில்லை. மடித்தபடியே எடுத்துப் பெரியம்மாவின் மடியில் திருப்பி வைத்தாள்.

"குழி வட்டமா இருக்கு பெரியம்மா. மனுசனைப் புதைக்குற குழி நீளமால்லா இருக்கும்?"

"அவன் ஊரு வழக்கம் என்னவோ. நிக்க வச்சுப் புதைப்பானோ என்னவோ."

"அவர் தோள் அதுக்குள்ள போகாது. நான் தச்ச சட்டை, அளவு எனக்குத் தெரியும்."

"ஏட்டி, துக்கத்துல புத்தி பேதலிச்சிருச்சா உனக்கு?"

"பேதலிச்சா அழுதிருப்பேன்லா. அழுதேனா?"

சேலை திரும்பப் பைக்குள் போயிற்று, ஆனால் பை எங்கள் வீட்டு ஆணியிலேயே தொங்கியது.

மறுநாள் நானும் அப்பாவும் கோட்டைப் பக்கம் இருந்த கப்பல் ஆபீசுக்குப் போனோம். அங்கே மாட்டுங்காவிலிருந்து வருகிற ஒரு தமிழ் குமாஸ்தா இருந்தார். தமிழில் பேச்சைக் கேட்டதும் எங்களை உட்காரச் சொன்னார். படத்தை வாங்கிப் பார்த்தார், அவருக்கும் முகம் மாறியது. கோப்பைப் புரட்டிவிட்டு, "சாவுச் சேதி ஒண்ணும் எங்களுக்கு வரலையே. கப்பல் கனடாவுல ஒரு ஏரித் துறைமுகத்துல மாட்டிண்டிருக்கு. தண்ணியெல்லாம் ஐஸாப் போயிடுத்தாம். உருகற வரைக்கும் அசைய முடியாது. கேபிள் கொடுத்துக் கேக்கறேன், பதில் வர நாளாகும்" என்றார்.

திரும்பி வரும்போது ரயிலில் அப்பா கேட்டார். "தண்ணி ஐஸாப் போனா கப்பல் எப்படிலே நிக்கும்?" எனக்குப் புவியியல் பாடத்தில் படித்தது ஞாபகம் வந்தது. ஏரி மேலே உறையும், மனிதர்கள் அதன்மேல் நடப்பார்கள் என்று சொன்னேன். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஐஸ் என்றால் அவருக்கு மரத்தூளில் புரட்டிக் கோணியில் சுற்றி வருகிற கட்டி, வீடு சேர்வதற்குள் பாதி உருகிவிடுவது. அதன்மேல் ஐந்து பேர் நிற்பதை அவர் எப்படி நம்புவார்?

ஆனால் வீட்டில் அதைச் சொன்னபோது அக்கா காதுகொடுத்துக் கேட்டாள். என்னை அனுப்பிப் பெரிய ஐஸ் கட்டி ஒன்று வாங்கிவரச் சொன்னாள். சாக்கின்மேல் அதை வைத்து, ஆணியும் சுத்தியலுமாக நடுவில் ஒரு குழி செதுக்கினாள். அதற்குப் பக்கத்தில் படத்தைப் பிடித்துக்கொண்டு, கட்டி உருகி வாசல்வரை ஓடுகிறவரை இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அப்பாவைக் கூப்பிட்டாள்.

"சுண்ணாம்புல குழி வெட்டினா ஓரம் உதிரும்லாப்பா?"

"உதிரும்."

"இதுல உதிரலை. ஓரம் கண்ணாடி கணக்கா நிக்கு. உள்ள இருக்கது தண்ணி. தண்ணிக்குள்ள யாரைப் புதைப்பாங்க? அத்தைக்கு இன்னொரு தந்தி அடிங்க. பொறுத்திருக்கச் சொல்லுங்க."

அப்பா உருகிக்கொண்டிருந்த கட்டியையும் அவளையும் பார்த்தார். "செத்தான்னு ஒரு தந்தி, ஐஸைப் பார்த்துட்டுப் பொறுங்கன்னு ஒரு தந்தியா? பெத்தவ மனசு என்ன பந்தாம்மா? ஆபீஸ்காரர் பதில் வரட்டும்." அதுவும் நியாயமாகத்தான் பட்டது. இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்தது, நடுவில் நாட்கள் போயின.

அதன்பிறகு ஒரு மாலை குமாஸ்தாவே தேடிக்கொண்டு எங்கள் சந்துக்கு வந்தார். செருப்பில் சாக்கடைச் சேறு. பதில் வந்துவிட்டது என்றார். ஆள் சுகம், வேலையில் இருக்கிறார், வீட்டில் ஏன் கேட்கிறார்கள் என்று ஆச்சரியப்படுகிறார். அக்கா அவருக்கு டீ போட உள்ளே போனாள். வெகுநேரம் வெளியே வரவில்லை. அடுப்பு ஊதும் சத்தமும் கேட்கவில்லை. பெரியம்மாவின் பை ஆணியிலிருந்து அன்றைக்குத்தான் இறங்கியது.

அப்பா ஓடிப்போய் இரண்டாவது தந்தி அடித்தார். அது போய்ச் சேர்ந்தபோது ஊரில் ஏழாம் நாள் பூசை முடிந்திருந்தது. அத்தானின் அம்மா, மகனுக்கு அடக்கம்கூடப் பார்க்கக் கிடைக்காத தாய், வேறு என்ன செய்வார்? துக்க மணி அடிக்கச் சொன்னார், பூசை வைத்தார், ஊரைக் கூப்பிட்டு மகன் பெயரில் சோறு போட்டார். பணத்துக்குக் கரையில் கிடந்த வள்ளத்தை விற்றார். ஓட்ட ஆளில்லாத வள்ளம் மணலில் கிடந்தால் உளுத்துப்போகும் என்று பக்கத்து ஊர்க்காரன் ஒருவன் சொல்லியிருக்கிறான். அவனே வாங்கியும் கொண்டான். மறுவாரமே அதில் கடலுக்குப் போய்விட்டான்.

ஐஸ் உருகிய பிறகு அத்தான் வந்தார். கையில் கறுப்பாக ஒரு பெட்டிக் காமிரா. வேறு கப்பல்காரனிடம் மலிவாக வாங்கியது. ஸ்டூடியோவுக்குக் கொடுப்பதற்குப் பதில் தானே எடுக்கலாமே என்று நினைத்தாராம். முதல் படத்தை அந்த ஏரியில் எடுத்தார். எடுத்தவர் படத்தில் எப்படி இருப்பார்? அந்தப் பெருமையில், அவர் நின்றால்தான் சேதி என்பது மறந்துபோயிற்று.

கறுப்பு அங்கிக்காரர் சாமியார் இல்லை, குளிருக்கு நீளக் கோட்டுப் போட்ட துறைமுகக் காவல்காரர். வேலையில்லாமல் கப்பலில் முடங்கிக் கிடந்தவர்களுக்கு மீன் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். கடப்பாரையால் ஐஸை உடைத்து, பண்டாரி குனிந்து சில்லுகளை அள்ளிப்போட்டு, உயிருள்ள சிறு மீனை முள்ளில் கோத்துக் கீழே விடுவார்களாம். குறுக்காகச் சேர்த்த குச்சிகள் இரண்டும் குழியின் விளிம்பில் படுத்திருக்கும், தூண்டில் கயிறு அதில் கட்டியிருக்கும். அந்தத் தண்ணீரின் ராஜா ஒரு மீன். மற்ற மீன்களையெல்லாம் விழுங்கி வளர்வது, நம் சீலா மீனின் பல்லும் முதலையின் மூக்கும் உள்ளது. அது இரையைக் கவ்விக் கீழே இழுத்தால், படுத்திருந்த குச்சி நிமிர்ந்து எழுந்துவிடும்.

"சிலுவை நின்னுச்சுன்னா மீனு மாட்டிருச்சுன்னு அர்த்தம் மாமா" என்று அப்பாவிடம் சொன்னார் அத்தான். "எல்லாரும் குனிஞ்சு பார்க்காங்க. அந்த நேரத்துலதான் அமுக்கினேன். வெளிய எடுத்தா என் இடுப்பு உசரம். பண்டாரி ரெண்டு வேளைக்குக் குழம்பு வச்சாரு. ஒரே முள்ளு."

யாரும் சிரிக்கவில்லை. அப்பா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். வள்ளம் போனதை அவர்தான் சொன்னார். அத்தான் கொஞ்ச நேரம் காமிராவின் மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

"என் சாவுச் சோறை ஊரே தின்னாச்சு. இனி அந்தக் கரையில போய் எந்த முகத்தோட நிப்பேன், சொல்லுங்க?" என்றார். குரலில் கோபம் இல்லை. பிறகு அக்காவைப் பார்த்து, "நீ அந்தச் சோறைச் சாப்பிடலல்லா?" என்று கேட்டார்.

"நான் அழவே இல்ல" என்றாள் அக்கா. அதைச் சொல்லும்போதுதான் அழுதாள்.

அதற்குப் பிறகு அவர் மூன்று முறை கப்பல் ஏறிவிட்டார். வலை, பாய் பற்றிய பேச்சு வீட்டில் எடுபடுவதில்லை. அக்கா இரண்டாவது சட்டி வாங்கிவிட்டாள். பழையபடி ஸ்டூடியோ படங்கள் வருகின்றன, எல்லாவற்றிலும் நேராக நின்று பார்க்கிறார். செம்பூரில் எனக்கு ஆபீஸ் வேலை கிடைத்து, முதல் சம்பளத்தில் அந்த ஏரிப் படத்துக்கு மட்டும் சட்டம் போட்டுக் கொடுத்தேன். வேண்டாம் என்பாள் என்று பயந்தேன். வாங்கி மற்றப் படங்களுக்கு நடுவில் மாட்டினாள். வருகிறவர்கள் யார் சாவு என்று கேட்கிறார்கள். சாவில்லை, மீன் பிடிக்கிறார்கள் என்று சொல்கிறாள். அவ்வளவு பெரிய மீனா, என்ன விலை இருக்கும் என்று சிலர் கேட்பதுண்டு. அக்கா சட்டத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே வள்ளம் போன விலையைச் சொல்வாள்: அறுநூற்றைம்பது ரூபாய்.