இரண்டாம் பக்கங்கள்

என் கணவர் போய்ச் சேர்ந்த பிறகு அவருடைய காகிதங்களுக்குத்தான் ஊரெல்லாம் சொந்தக்காரர்கள் முளைத்தார்கள். அவர் கணித ஆராய்ச்சி செய்தவர். கடிதங்களும் கையெழுத்துத் தாள்களும் அவர் வேலை பார்த்த நிறுவனத்துக்கு, புத்தகங்கள் ஒரு கல்லூரிக்கு, பாதியில் நின்ற கணக்கின் நகல் வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவருக்கு என்று பங்கு பிரித்தாயிற்று. உனக்கு என்ன வேண்டும் என்று என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லத் தெரிந்திருக்காது. கணக்கு என்றாலே எனக்கு வேப்பங்காய்.

காகிதங்களை அடுக்கிப் பட்டியல் போட நிறுவனத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். லிங்கராஜபுரத்துக்காரி, தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். வாய் நிறையத் தமிழ் பேசுவாள். பள்ளியில் படித்தது கன்னடமும் இங்கிலீஷும் என்பதால் தமிழ் எழுத்து தெரியாது. பெங்களூரில் இது அதிசயமில்லை. அவள் வந்த நாட்களில் நான் இரண்டு பேருக்குக் காபி போட்டேன். அதற்காகவே வேலை மெதுவாக நடக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "ஆன்ட்டி, எல்லா ஷீட்டும் ரெண்டாம் பக்கமாவே இருக்கு. ஃபர்ஸ்ட் பேஜ் எல்லாம் எங்க வெச்சிருக்கீங்க?"

அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அலமாரியை ஒழித்து, பழைய பேப்பர்காரருக்குக் கொஞ்சம் போட்டிருந்தேன். வெறும் செய்தித்தாள் என்று நினைத்துத்தான் போட்டேன். ஒரு மனுஷனின் ஆயுள் உழைப்பில் பாதியை எடைக்குப் போட்ட புண்ணியவதி நான்தானா? அவள் போன பிறகு பரணிலும் கட்டிலுக்கு அடியிலும் அரிசி டிரம்முக்குப் பின்னாலும் தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள், எங்கே அந்த இரண்டு, காட்டு என்றேன். தாளின் உச்சியில் அவள் விரல் வைத்த இடத்தில் இருந்தது என் பிள்ளையார் சுழி. கன்னடத்தில் இரண்டு என்ற எண்ணும் ஏறக்குறைய நம் 'உ' மாதிரியேதான் இருக்கும். சார் கன்னடப் பள்ளியில் படித்தவர், பக்க எண்ணைக் கன்னடத்திலேயே போட்டிருப்பார் என்று அவளாகவே முடிவு கட்டியிருக்கிறாள். அவரோ தாளுக்கு எண்ணே போடாதவர்.

அவருக்குச் சாமி, பூதம் எதிலும் நம்பிக்கை கிடையாது. வெள்ளைத்தாள் கட்டு வந்ததும் ஒவ்வொரு தாளிலும் சுழி போட்டு மேசையில் வைப்பது என் வேலை. "காகிதத்துக்கெல்லாம் பொட்டு வெச்சாச்சா?" என்று கிண்டல் செய்வார். ஆனால் ஒரு நாளும் அதை அடித்ததில்லை. அதற்குக் கீழேதான் ஆரம்பிப்பார். பிறகு சாப்பிடக் கூப்பிட்டாலும் காதில் விழாது. போகட்டும், அந்தத் தாளில் நானும் இருக்கிறேன் என்று எனக்கு ஒரு நினைப்பு.

இதைச் சொன்னதும் அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவர் போன பிறகு வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அதுதான். சிரித்து ஓய்ந்ததும் அவள் பேனாவை எடுத்தாள்.

"அப்போ இது சார் கை இல்லையா? வேற யாரோ எழுதினதுன்னு நோட் போடணும் ஆன்ட்டி. அதான் ரூல்."

போட்டுக்கொள் என்றேன். அவள்மேல் கோபமில்லை. அந்த 'யாரோ' மட்டும் அன்று முழுக்கக் காதிலேயே இருந்தது.

பெட்டிகளெல்லாம் வேனில் ஏறின. கடைசியாக ஒரு காகிதக் கட்டை என் கையில் கொடுத்து, "இதெல்லாம் காலி ஷீட், எங்களுக்கு வேணாம்" என்றாள். அவர் படுக்கையில் விழும் முன் நான் சுழி போட்டு வைத்த தாள்கள்.

காபி இப்போது ஒருவருக்குத்தான். இதை அந்தத் தாள்களில்தான் எழுதுகிறேன். சுழிக்குக் கீழே இருப்பது அவருடைய இடம். பேனாவை வைக்க இன்னும் கை கூசுகிறது.