அப்பாவிடம் போன அப்பத் தட்டு

புளத்கொகுபிட்டியவுக்கு மேலே ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் வீடு. நான் ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது, குடித்துவிட்டு வந்த அப்பா அறைந்ததில் அம்மாவுக்கு இடது காது கேட்காமல் போனது. அடுத்த வருடம் கொழும்பில் வேலை என்று சொல்லிப் போனவர், இருபது வருடம் திரும்பவில்லை. அம்மா ரப்பர் பால் வெட்டி என்னை ஆசிரியையாக்கினாள். நற்கிரியையால் யாருக்கும் இரட்சிப்பு இல்லை, முழுக்கக் கிருபைதான் என்று ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்.

போன வருடம் ஈரல் கெட்டு, வயிறு ஊதி, அப்பா வந்து நின்றார். அம்மா கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு உள் காம்பராவில் பாய் விரித்துப் போட்டாள்.

எங்கள் போதகர் வாராவாரம் வந்து அவருக்கு வேதம் வாசித்தார். ஒருநாள் அப்பா அழுதுகொண்டே கேட்டார்.

"செஞ்ச பாவத்துக்கெல்லாம் இனி நான் என்னாங்க பாஸ்டர் செய்யிறது? எந்திரிச்சு நடக்கக்கூட முடியலயே."

"நீங்க செய்ய ஒண்ணும் இல்லைங்க. கிறிஸ்து செஞ்சு முடிச்சிட்டாரு. அவர நம்புங்க."

குசினியில் அடுப்போரம் நின்ற எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. போதகர் வெளியே வந்ததும் மறித்தேன். "அப்ப எங்கம்மா பட்டதுக்கு யாருங்க பதில் சொல்றது?"

அவர் தலை குனிந்தார். "அந்தத் தண்டனையும் சிலுவையில கிறிஸ்து மேலதான் விழுந்திச்சு டீச்சர். கடவுள் லேசா விட்டுட்டாருன்னு நெனைக்காதீங்க."

அன்று மாலை அப்பா அம்மாவின் வலப்பக்கம் நகர்ந்து போய் மன்னிப்புக் கேட்டார். "கேட்டுச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் எழுந்துபோனாள்.

அடுத்த மாதம், கிறிஸ்துவின் நினைவாக அப்பம் பிட்டு உண்ணும் திருவிருந்துக்கு அவரை த்ரீவீலரில் சபைக்குக் கூட்டிப்போனோம். ஒரே வாங்கில் அம்மா, நான், அப்பா என்று உட்கார்ந்தோம். அப்பத் தட்டு அம்மாவிடமிருந்து என்னிடம் வந்தது. என் துண்டை எடுத்துக்கொண்டேன். தட்டை அவரிடம் நீட்டக் கை வரவில்லை. இவரும் நானும் ஒன்றா என்று மனம் கேட்டது. கேட்ட பிறகுதான் பயந்துபோனேன். இத்தனை வருடமும் என் நல்ல நடத்தையை நம்பித்தான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

"குடு புள்ள," என்றாள் அம்மா, முன்னால் பார்த்தபடியே. "நம்மள மட்டும் நல்லவங்கன்னா ஆண்டவரு கூப்பிட்டாரு?"

நீட்டினேன். தட்டு சாய்ந்து ஒரு துண்டு அப்பம் அவர் மடியில் விழுந்தது. எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

மூன்று வாரத்தில் அப்பா இறந்தார். அடக்கம் முடிந்து வரும்போது, "மன்னிச்சிட்டியாம்மா?" என்று கேட்டேன்.

"இன்னும் முழுசா முடியல. அதுக்குத்தான் தெனம் ஜெபம் பண்றேன்," என்றாள்.

நானும் பண்ணுகிறேன்.