முழங்காலுக்குக் கீழே ஒரு தலையணை

"பிறஷர் குளிசை எடுக்க அம்மாவைத் திருநெல்வேலி மருந்துக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போறன், சித்தப்பா," என்று கோபிகா பொய் சொன்னாள். ஸ்கூட்டியின் பின்னால் ஏறிக்கொண்டிருந்த கமலாவதிக்கு அந்தப் பொய் பிடிக்கவேயில்லை. சொந்தப் புருசனை எரித்த இடத்தைப் பார்க்கப் போவதற்கு ஒரு மனிசிக்குக் குளிசைச் சாட்டு வேண்டிக்கிடக்கிறது!

"முப்பத்தொண்டாம் நாள் அந்தியேட்டி முடியமுன்னம் வெளிக்கிடுறது வடிவில்லை, அண்ணி," என்றார் தில்லைநாதன்.

"பிறஷருக்கு அந்தியேட்டி தெரியாது, தம்பி."

செத்தவீட்டன்று கமலாவதியைப் படலை வாசலில் மறித்ததும் இந்தத் தில்லைநாதன்தான். புருசன் நமசிவாயத்தின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் ஒழுங்கையில் இறங்க, பின்னால் நடந்த கமலாவதியின் முன்னே கையை நீட்டினார். "பொம்பிளையள் சுடலைக்கு வாறேல்லை. உங்களுக்கு மனம் தாங்காது, அண்ணி."

மனம் தாங்காதாம்! பாரிசவாதத்தில் விழுந்த மனுசனை ஆறு வருசமாகத் தூக்கி இருத்திக் கழுவிப் பிரட்டிப் படுக்கவைத்தவர் கமலாவதி. அதை முடித்துவிட்டுத்தான் விடிய மருதனார்மடம் சந்தைக்குக் கத்தரிக்காய் கொண்டு போவார். அதற்கும் முந்தி, வன்னியில் ஷெல்லடிக்குள் நமசிவாயத்தின் தாய் செத்தபோது, அவர் காயத்தோடு பங்கருக்குள் கிடந்தார். கிடங்கு வெட்டித் தாயைப் புதைத்தவை கமலாவதியின் கைகள். அன்றைக்கு அவருடைய மனத்தைப் பற்றி ஒருவரும் விசாரிக்கவில்லை.

கொள்ளி வைத்தவன் தில்லைநாதனின் மகன் பிரவீணன். கொழும்பிலிருந்து வந்தான், அடுத்த நாளே போய்விட்டான். பெரியப்பாவுக்கு இழுத்தது இடப்பக்கமா வலப்பக்கமா என்றுகூட அவனுக்குத் தெரியாது. ஆனால் அவன் ஆம்பிளை.

சந்தியில் ஸ்கூட்டி திருநெல்வேலிப் பக்கம் போகாமல் மற்றப் பக்கம் திரும்பியது. வெங்காயத் தோட்டங்களைத் தாண்டினால் சுடலை. தகரக் கொட்டகை ஒன்று, கருகிய நிலம், விறகுக் குவியல். விறகு அடுக்கிக்கொண்டிருந்த மனிதர் இரண்டு பெண்களைக் கண்டதும் திகைத்துப்போய் எழும்பினார்.

"ஆரைத் தேடுறியள்?"

"நமசிவாயம். மழை வந்த அண்டைக்குக் கொண்டு வந்தவை."

"ஓ, கால் மடங்கின ஐயாவோ?"

"காலுக்கு என்ன?" சந்தையில் தராசைப் பார்க்கிற பார்வை கமலாவதிக்கு வந்துவிட்டது.

அந்த மனிதர் கோபிகாவைப் பார்த்தார். கமலாவதி விடவில்லை. "அவளைப் பாக்காதையுங்கோ, அண்ணை. எனக்குச் சொல்லுங்கோ."

"முழங்கால் நிண்டதம்மா. மேலை விறகு வைக்க விடேல்லை. கீழை இருந்த தலையணையை எடுத்து எறிஞ்சுபோட்டு ரெண்டு பேர் அமத்தினவை. வேண்டாம், விறகை மாத்தி அடுக்கிறன் எண்டனான். மழை வருகுது, கெதியா முடி எண்டிச்சினம்."

"அமத்த?"

"முறிஞ்சது. எனக்குக் கேட்டது."

அந்தத் தலையணையைப் பெட்டிக்குள் வைத்ததே கமலாவதிதான். ஆறு வருசமாக நிமிராத கால். ஒவ்வொரு இரவும் அப்படித்தான் தலையணை வைத்து அதைக் கிடத்துவார். "நான் நிண்டிருந்தால் ஒரு சொல்லுச் சொல்லியிருப்பன்," என்றார். "ஒரே ஒரு சொல்லு!"

"அப்பாவுக்கு நொந்திராது, அம்மா."

"நோகுதோ எண்டு கேட்க ஆர் பக்கத்திலை நிண்டது?"

தலை எந்தப் பக்கம் என்று கேட்டார். அந்த மனிதர் காட்டினார். கமலாவதி கால்மாட்டில் குந்தி, இடது முழங்கால் கிடந்திருக்கக்கூடிய இடத்தைக் கையால் தடவினார். தைலம் போடும்போது தடவுகிற அதே தடவல். பிறகு சேலையை உதறிக்கொண்டு எழும்பினார்.

"சந்தியிலை ரெண்டு அட்டை குளிசை வாங்கிக்கொண்டு போவம்," என்றாள் கோபிகா. "சித்தப்பா கேட்டால் காட்டலாம்."

"ஒண்டும் வேண்டாம். ஸ்கூட்டியை நேரை வீட்டுக்கு விடு."

தில்லைநாதன் விறாந்தையில் இருந்து அந்தியேட்டிச் சமையலுக்கு ஆள் பிடிக்கப் போனில் கதைத்துக்கொண்டிருந்தார். "குளிசை கிடைச்சுதோ, அண்ணி?"

கமலாவதி படலைக்கு வெளியே நின்றுவிட்டார். "உள்ளுக்கு வரேலாது, தம்பி. சுடலைக்குப் போயிட்டு வாறன். தலைக்கு வாத்துத் தோய வேணும். தண்ணி அள்ளிக்கொண்டு வாங்கோ."

தில்லைநாதன் போனை நிறுத்திவிட்டு ஓடி வந்தார். "மெல்லக் கதையுங்கோ! சனம் கேட்டால் என்ன நினைக்கும்?"

"கேக்கட்டும். எனக்கும் ஒண்டு கேக்க இருக்கு. அவரின்ரை காலை அமத்தினது ஆர்?"

தில்லைநாதனின் முகம் கறுத்தது. "மழை வந்திட்டுது, அண்ணி..."

"ஆர் அமத்தினது எண்டு கேட்டனான். மழையைப் பற்றிக் கேக்கேல்லை."

அடுத்த வீட்டு வேலிக்கு மேலே இரண்டு தலைகள் எழும்பின. தில்லைநாதன் அவற்றைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார், கிணற்றடிக்குப் போனார். கப்பி கிறீச்சிட்டது. வாளியைக் கொண்டுவந்து அவர் படலைக்கு வெளியே வைத்தபோது தண்ணீர் தளும்பியது.

கமலாவதி அதை அப்படியே தலையில் கவிழ்த்துவிட்டு வெறும் வாளியை நீட்டினார்.

"இன்னொண்டு அள்ளுங்கோ. ஆரெண்டு சொல்லும்வரைக்கும் நான் தோய்வன்."