முன்வரிசையில் சித்தப்பா

என் சித்தியோடு திருகோணமலையில் மீன் வாங்கப் போவது கரைச்சலான வேலை. "நீங்கள் அந்தப் படத்தில வாற நேர்ஸ்தானே?" என்று யாராவது மறித்துவிடுவார்கள். சித்தி சிரித்துக்கொண்டு ஓம் என்பார். பக்கத்தில் நிற்கும் நான், கேட்காதவர்களுக்கும் சேர்த்து, அவர் என் அம்மாவின் தங்கை என்று அறிவிப்பேன். முப்பது வயதாகியும் அந்தப் பெருமை எனக்கு அடங்கவில்லை.

அவருக்கு முதல் படம் கிடைத்தபோது எனக்கு எட்டு வயது. அப்போது சித்தி பகலில் ஒரு அலுவலகத்தில் எழுதுவினைஞர், பின்னேரங்களில் மேடை நடிகை. பத்து வருடத்தில் அரசியாகவும் நடித்திருந்தார், டெங்கு ஒழிப்பு வீதி நாடகத்தில் நுளம்பாகவும் நடித்திருந்தார். இரண்டிலும் ஒரே அக்கறைதான். சித்தப்பா துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்தார்.

புது நாடகத்தில் சித்திக்குக் கடலில் கணவனைப் பறிகொடுத்த பெண் வேடம். கொழும்பிலிருந்து ஒரு இயக்குநர் தன் படத்துக்குக் கதாநாயகி தேடி அதைப் பார்க்க வருகிறார் என்று தகவல் வந்தது. சித்தி இவ்வளவு காலமும் காத்திருந்தது அப்படி ஒரு நாளுக்காகத்தான்.

சிக்கல் கழுத்தில் இருந்தது. கடைசிக் காட்சியில் வெறுங்கழுத்தோடு நிற்க வேண்டும். சித்தியின் தாலிக்கொடியோ சட்டைக்குள் ஒளிக்க முடியாத தடிப்பு. ஞாயிறு பின்னேரம், நாடகம் தொடங்கச் சற்று முன்னர், மேடைக்குப் பின்னால் அம்மா மறித்துக்கொண்டு நின்றார்.

"நாடகமெண்டாலும் கழட்டக் கூடாது. மனுசன் ஒவ்வொரு நாளும் கடல்ல நிக்கிறார்."

சித்தியின் கை கொடியை இறுக்கிப் பிடித்திருந்தது. அம்மாவின் சொல்லை அவர் ஒருநாளும் தட்டியதில்லை. அன்றைக்கும் தட்டமாட்டார், படம் கைவிட்டுப் போகப்போகிறது என்று எனக்கே விளங்கியது.

அப்போதுதான் சித்தப்பா உள்ளே வந்தார்.

"போன வருசம் ஆஸ்பத்திரியில ஸ்கான் எடுக்கேக்க இவ கழட்டினவதானே, அக்கா. நான் செத்தனானோ? முன்வரிசையிலதான் இருக்கப்போறன். உங்களுக்குப் பயமெண்டா என்னைப் பாருங்கோ."

சொல்லிவிட்டுத் தன் கையாலேயே கொக்கியைக் கழற்றினார். கொடியைத் தான் முகம் துடைக்கும் லேஞ்சியில் சுற்றி, கவனம் என்று சொல்லி என்னிடம் தந்தார். சித்தப்பாவைப் போலத் துணிந்தவர் இந்தத் திருகோணமலையிலேயே இல்லை என்று நினைத்தேன்.

லேஞ்சியை மடியில் வைத்துக்கொண்டு அவருக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். மேடையில், போன படகு ஆளில்லாமல் கரைக்கு வந்தது. சித்தி அழவில்லை. நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்து, "எங்க அவர்? பின்னால வாறாரோ?" என்று வழமையாகக் கேட்பதுபோலக் கேட்டார். மண்டபத்தில் ஒரு இருமல்கூட இல்லை. சித்தப்பா சட்டென்று எழுந்தார்.

"தண்ணி குடிச்சிட்டு வாறன்."

ஆள் திரும்பி வரவில்லை. தேடிப் போனேன். மண்டபத்துக்கு வெளியே தன் மோட்டார் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் வியர்த்து நின்றார்.

"சித்தி நல்லா நடிக்கேல்லையோ?" என்று கேட்டேன்.

"எனக்குப் பாக்க ஏலாது பிள்ளை. நீ போய்ப் பார். சித்தியிட்டச் சொல்லிப்போடாதை."

எனக்குச் சரியான கோபம். சித்திக்காக அம்மாவையே எதிர்த்துக் கதைத்தவர், பாதி நாடகத்தில் ஓடிவந்து நிற்கிறார். மேடையில் அந்த மனிசி எவ்வளவு பாடுபடுகிறார்!

நாடகம் முடிந்து கைதட்டலும் ஓய்ந்தபின், இயக்குநர் மேடைக்குப் பின்னால் வந்தார். தன் படத்தில் சித்திதான் என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நான் இடையில் புகுந்து லேஞ்சியை நீட்டினேன். வாய் சும்மா இருக்கவில்லை.

"சித்தப்பாவுக்கு உங்கட நடிப்புப் பிடிக்கேல்லை. பாதியில எழும்பி வெளியில போயிட்டார்."

சித்தி இயக்குநரைப் பேச்சின் நடுவிலேயே விட்டுவிட்டு என் முன்னால் குந்தினார்.

"எந்த இடத்தில எழும்பினவர்?"

"பின்னால வாறாரோ எண்டு நீங்கள் கேக்கேக்க."

சித்தியின் முகம் மலர்ந்துவிட்டது. கண்ணில் பூசிய மை கன்னத்தில் வழிய, சிரித்துக்கொண்டே என்னைக் கட்டிப்பிடித்தார். படம் தருகிறேன் என்ற மனிதருக்கு அப்படியொரு சிரிப்புக் கிடைக்கவில்லை.

பாவம், கவலையை மறைக்கத்தான் சிரிக்கிறார் என்று நினைத்தேன். சித்தப்பாவோடு ஒரு கிழமை முழுக்க நான் கதைக்கவில்லை.