ரேகை வளரும் வரை

ஈரக்கை என்ற பேர் உறவுக்காரர்கள் காதில் முதன்முதலாக விழுந்தது ஒரு கல்யாண மண்டபத்தில். கடைசிப் பந்தி முடிகிற நேரம். தையற்கடைக்காரி கூடத்தின் நடுவில் நின்றுகொண்டு, "எங்க ஈரக்கை எங்கடா போனா? வந்த இடத்துலயும் ஆரம்பிச்சிட்டாளா?" என்று தம்பியைப் பார்த்துச் சத்தம் போட்டாள். யாரைச் சொல்கிறாள் என்று தேடினால், தம்பி பெண்டாட்டி பின்கட்டில் கூலி ஆட்களோடு குந்தியிருந்து டம்ளர் கழுவிக்கொண்டிருக்கிறாள். கட்டிக்கொண்டு வந்து வருஷம்கூடத் திரும்பவில்லை. கூப்பிட்டதும் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே ஓடி வந்தாள்.

தையற்கடைக்காரி எங்கள் பெரிய தாத்தாவின் மகன் வழிப் பேத்தி. வாய் கொஞ்சம் நீளம். அவள் ஒரு பேர் வைத்தால் சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. இதுவும் போகவில்லை.

ஈரக்கை வேலை பார்த்தது ஒரு பெரிய ஓட்டலின் சலவைக் கூடத்தில். தரைக்குக் கீழே ஜன்னல் இல்லாத இடம். இயந்திரங்கள் உருளுகிற இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதை உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். மற்றவர்கள் துணியை உள்ளே போடுவார்கள், எடுப்பார்கள், மடிப்பார்கள். இவளுக்குக் கறை மேசை. இயந்திரத்துக்கு அடங்காத கறையெல்லாம் இவள் கைக்கு வரும். சட்டைக் கழுத்து, தலையணை உறை, சாப்பாட்டு மேசை விரிப்பு. வெளுப்பு மருந்தில் நனைத்து, பிரஷ் போட்டு, விரலாலும் தேய்ப்பாள். கையுறை மாட்டினால் கறை போனது விரலுக்குத் தெரியாது என்று அதையும் கழற்றி வைத்துவிடுவாள்.

மகள் பிறந்து பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு, வெளிநாடு போகிற ஆசை முதலில் அவள் புருஷனுக்குத்தான் வந்தது. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். லாரி ஓட்ட ஆள் எடுக்கிறார்கள் என்று எழுதிப் போட்டு, ஓட்டியும் காட்டினான். கடைசியில் கண் பரிசோதனையில் சிவப்பும் பச்சையும் பிரித்துப் பார்க்க வரவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அத்தனை வருஷமும் மேல் விளக்கு எரிந்தால் நிற்பது, கீழ் விளக்கு எரிந்தால் போவது என்று ஓட்டியிருக்கிறான் மனுஷன்! அவனுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரு வாரம் வேனையே துடைத்துக்கொண்டிருந்தான்.

"நீங்க போகலேன்னா என்ன, நான் போறேன்" என்றாள் ஈரக்கை.

"நீயா? பத்தாவது படிச்சிட்டு?"

"வயசானவங்களைப் பாத்துக்கிற படிப்பு இருக்காம். பத்தாவது போதுமாம். அங்க முதியோர் இல்லத்துல வேலையாம். மொதல்ல நான் போயிட்டா, அப்புறம் உங்களையும் பாப்பாவையும் கூப்பிட்டுக்கலாமாம்."

"எல்லாம் 'ஆம், ஆம்'னுதானே இருக்கு."

"போய் விசாரிச்சாத்தானே இல்லையான்னு தெரியும்?"

போய் விசாரித்தாள். சாயங்கால வகுப்பில் சேர்ந்தாள். படுத்திருப்பவரை நோகாமல் புரட்டுவது, மருந்து கொடுப்பது, மறதிக்காரர்களிடம் பொறுமையாகப் பேசுவது எல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடாகிவிட்டது. மொழிப் பரீட்சைதான் ஆட்டி வைத்தது. அந்த ஊர்ச் சொற்களை எழுதிச் சலவை இயந்திரங்களின் மேல் ஒட்டிவைத்து, இரைச்சலுக்கு நடுவே கத்திக் கத்திப் படித்தாள். கூட வேலை பார்ப்பவர்கள் இவளுக்கு என்னமோ ஆகிவிட்டது என்றே நினைத்தார்கள். முதல் தடவை தோற்று இரண்டாம் தடவை தேறினாள். ஒரு முதியோர் இல்லத்திலிருந்து வேலைக் கடிதமும் வந்தது. குளிர் தொடங்குவதற்குள் வந்து சேர வேண்டும், தவறினால் வேறு ஆளை எடுத்துக்கொள்வோம் என்று அதில் இருந்தது.

இனி விசா ஒன்றுதான் பாக்கி. காகிதமெல்லாம் சரியாக இருந்தது. விசா அலுவலகத்தில் கைரேகை பதிய வேண்டும் என்று கண்ணாடித் தட்டு ஒன்றைக் காட்டினார்கள். ஈரக்கை நாலு விரலையும் வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

"அழுத்தி வைங்கம்மா" என்றாள் கவுன்டரில் இருந்த பெண்.

அழுத்தினாள். சிவப்பு. லேசாக வைத்தாள், துடைத்து வைத்தாள். எப்படி வைத்தாலும் சிவப்பே எரிந்தது. அந்தப் பெண் எழுந்து வந்து இவள் விரலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். விரல் நுனியெல்லாம் சோப்புக் கட்டி மாதிரி வழுவழுவென்று இருந்தது.

"என்ன வேலை பாக்கறீங்க?"

"சலவைங்க."

"ரேகையே இல்லையேம்மா. கைக்கு ஓய்வு கொடுங்க. தண்ணி, சோப்பு எதுவும் வேணாம். எண்ணெய் தடவிட்டு வாங்க. இன்னும் ரெண்டு தடவை எடுத்துப் பாக்கலாம். அதுலயும் வரலேன்னா மனு திரும்பிடும்."

ஈரக்கை ஓட்டலில் சம்பளமில்லாத விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தாள். மூன்றாம் மாடியில் இரண்டு அறை, ஒரு சமையல்மேடை. புருஷன் சமைத்தான். பெருக்கினான். துணி துவைத்து, சொட்டச் சொட்டக் காயப்போட்டான். கீழ் வீட்டுக்காரர் மேலே வந்து சண்டை பிடித்தார். இவள் கையில் எண்ணெயைத் தடவிக்கொண்டு, இருப்புக் கொள்ளாமல் கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தாள்.

மறு தேதிக்கு முந்தின நாள், அவன் சோற்றை அடிப்பிடிக்க விட்டுவிட்டுப் பிள்ளைகளை ஏற்றப் போய்விட்டான். பாத்திரம் கறுப்பாக இவளைப் பார்த்தபடி கிடந்தது. இவளும் அதைப் பார்த்தாள். ஒன்றே ஒன்றுதானே என்று எழுந்தாள். பாத்திரம் பளிச்சென்று ஆனதும் அடுப்பு அழுக்காகத் தெரிந்தது. அடுப்பு ஆனதும் மேடை. மேடை ஆனதும் தரையை விட மனசு வருமா?

மறுநாள் கட்டை விரல்கள் மட்டும் பதிந்தன. மற்ற எட்டுக்கும் சிவப்புதான்.

"பாத்திரம் தேய்ச்சீங்களா?" என்றாள் கவுன்டர் பெண்.

"ஒண்ணே ஒண்ணு" என்றாள் ஈரக்கை, தலை நிமிராமல்.

பஸ்ஸில் வரும்போது புருஷன் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான். இறங்குகிற இடம் நெருங்கியபோதுதான் பேசினான்.

"அந்தப் பாத்திரத்தைத் தூக்கிக் குப்பையில போட்டிருக்கலாம்ல?"

"நல்ல பாத்திரங்க."

அவன் எழுந்து படிக்கட்டுப் பக்கம் நகர்ந்தான்.

சேதி தையற்கடைக்காரிக்குப் போயிற்று. மறுநாளே ஒரு பையைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்க வந்து நின்றாள். பைக்குள் பருத்தித் துணியில் தைத்த கையுறைகள். மணிக்கட்டில் கட்ட நாடா வைத்துத் தைத்திருந்தாள்.

"கையை நீட்டுடீ."

"அண்ணி, இதென்ன, பைத்தியத்துக்குக் கட்டுற மாதிரி?"

"மாதிரி என்ன மாதிரி? விசா வாசல்ல நிக்கிறவ பாத்திரம் தேய்ச்சா அவளுக்கு வேற என்ன பேரு?" என்று எண்ணெய் தடவி, உறை மாட்டி, முடிச்சுப் போட்டாள். "இந்த முடிச்சை நான்தான் அவிழ்ப்பேன். கடையைப் பூட்டிட்டு வந்திருக்கேன்."

"எதுக்குக்கா உனக்குச் சிரமம்?" என்றான் தம்பி.

"இவ போகலேன்னா நீ ஆயுசு முழுக்க என் கடை வாசல்ல வந்து உக்காந்து பெருமூச்சு விடுவே. அந்தக் காத்துல என் நூலெல்லாம் பறக்கும்."

அன்றிலிருந்து ஈரக்கைக்குத் தலை வாரிவிடுவது நாத்தனார். மாவைப் பிசைவதும் வீட்டைக் கழுவுவதும் தம்பி. நாத்தனார் நாற்காலியில் இருந்தபடி ஏவுவாளே தவிர, அவளும் ஒரு டம்ளரைக்கூட எடுத்து வைக்கமாட்டாள். ஒருநாள் தலை வாரும்போது ஈரக்கைக்குப் பொறுக்கவில்லை.

"பாவம் அண்ணி அவரு. நீங்களாவது கொஞ்சம் கூடமாட செய்யக் கூடாதா?"

"நான் எதுக்குச் செய்யணும்? நீ போனதுக்கப்புறம் அவன்தானே பாக்கணும்? பழகட்டும்."

"அவருக்கு வராது."

"வராதுன்னு சொல்றியா, வந்துடக்கூடாதுன்னு சொல்றியா?" சீப்பு நின்றது. "உண்மையைச் சொல்லு. அன்னைக்கு அந்தப் பாத்திரத்தை எதுக்குத் தேய்ச்சே? நீ இல்லாம இந்த வீடு ஓடிடுமோன்னு பயமா இருந்துச்சா?"

ஈரக்கை உறை போட்ட கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாத்தனாரும் மேலே கிளறாமல் பின்னலை முடித்துவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து அடுப்பில் பால் காய்ந்துகொண்டிருந்தது. புருஷன் மொட்டை மாடியில் துணி எடுக்கப் போயிருந்தான். நாத்தனார் குளிக்கப் போயிருந்தாள். மகள் உள்ளறையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். பால் ஆடை விலகி மெல்ல எழும்புவதை ஈரக்கை பார்த்தாள். எட்டி அணைக்கிற தூரம்தான். உறையோடுகூட அணைத்திருக்கலாம்.

"பாப்பா, பால்" என்றாள்.

"இதோம்மா, ஒரு நிமிஷம்."

பால் பொங்கி, மேடையில் ஓடி, தரையில் சொட்டியது. ஈரக்கை உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை. மகள் ஓடி வந்து அணைத்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். பிறகு அவளாகவே துணியை எடுத்துத் துடைக்கத் தொடங்கினாள். ஓரத்தையெல்லாம் விட்டுவிட்டு நடுவில் மட்டும் துடைத்தாள். ஈரக்கை அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை.

கடைசித் தேதிக்கு மூன்று பேருமாகப் போனார்கள். கவுன்டர் வரைக்கும் வந்துதான் நாத்தனார் முடிச்சை அவிழ்த்தாள். "இது என்ன, ஆபரேஷன் ஆன கையா?" என்று வரிசையில் நின்ற ஒருவர் கேட்டார். "இல்ல, வளர்ப்புக் கை" என்றாள் அவள். நாலு விரல் வைத்தாள் ஈரக்கை. பச்சை எரிந்தது. அடுத்த நாலு. அதற்கும் பச்சை. புருஷன் எட்டிப் பார்த்து, "என்ன கலரு, என்ன கலரு?" என்று அக்காவை இடித்துக்கொண்டே இருந்தான். அவள் அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

குளிர் தொடங்குவதற்குச் சில நாள் முன்னால் ஈரக்கை அந்த ஊர் போய்ச் சேர்ந்தாள். அங்கே போன பிறகும் அடுத்த படிப்பு, அடுத்த பரீட்சை என்று விடவில்லை. புருஷனும் மகளும் போய்ச் சேர இரண்டு வருஷம் பிடித்தது. இப்போது அவள் அதே முதியோர் இல்லத்தில் ஒரு தளத்துக்குப் பொறுப்பாக இருக்கிறாள். புருஷன் அங்கேயே சமையற்கட்டில் வேலை பார்க்கிறான். மகள் கல்லூரிக்குப் போகிறாள். மூன்று பேரும் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு வாடகை வீட்டில் குடியிருக்கிறார்கள்.